ஆணியில் தொங்கும் கோப்பை

"என் உசுருதானே சேர், போனா என்னோட போகட்டும்."

இந்தப் பேச்சை இந்த வருடம் எத்தனை பேர் வாயால் கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். போன மாதம் கேட்டது கடைசியாக இருக்கட்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன். நடக்காது என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில் ஒரு மார்பு சிகிச்சை நிலையத்தில், நம்மாட்கள் சொல்வதுபோல் செஸ்ட் கிளினிக்கில், வேலை செய்யும் பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பீ.எச்.ஐ. என்றதும் ஹோட்டல்காரர் ஃபிரிட்ஜை ஒழுங்குபடுத்துவார், வீட்டுக்காரர் பூச்சட்டித் தண்ணீரைக் கொட்டுவார். என் வேலை வேறு. காசநோய்க்கு மருந்து எடுப்பவர் பாதியில் காணாமல் போனால் தேடிப் போவேன், அவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதனைக்குக் கூட்டி வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுக்கிறேன். இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் முதல் சில வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வந்தவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) டவுனில் ஒரு கடையில் மூட்டை இறக்கும் வேலை, இருப்பது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். 10 அடிக்கு 12 அடி காம்பரா, இஸ்தோப்பை (முன் திண்ணையை) அடைத்து இன்னொரு அறை. அதற்குள் அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மூன்று வயது மகள். எட்டுப் பேர். போன வருடம் அவருடைய சளியில் கிருமி இருந்தது, மருந்து தொடங்கினோம். இரண்டு மாதம் ஒழுங்காக வந்தார். இருமல் நின்றது, எடை ஐந்து கிலோ ஏறியது, முகத்தில் களை வந்தது. மூன்றாம் மாதம் ஆளைக் காணோம். கோல் எடுத்தால் மனைவிதான் பேசுவார். "வேலைக்குப் போயிட்டாங்க சேர்." நேரில் போனாலும் அதே பதில். கடையில் விசாரித்தால் அன்றைக்கு லீவு என்பார்கள்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறார். கர்த்தர் என்னைச் சுகமாக்கிவிட்டார், இனி எனக்கு மருந்து வேண்டாம் என்று. சபையும் அல்லேலூயா சொல்லியிருக்கிறது.

ஆறு மாதம் கழித்து இருமிக்கொண்டே வந்தார். அந்த மூன்று வயதுப் பிள்ளையும் தாயின் இடுப்பில் வந்தது. சாப்பாடு இறங்குவதில்லை, எடை ஏறவில்லை, விட்டு விட்டுக் காய்ச்சல். பரிசோதித்ததில் அதே நோய். மருந்தை ஏன் விட்டீர்கள் என்று அவரிடம் கேட்டபோதுதான் மேலே எழுதிய பதில் வந்தது. அவர் அதைச் சொல்லும்போது பிள்ளை என் மேசையில் இருந்த ஸ்டாம்ப் பேடை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் உயிர் அவரோடு போகுமாம். சரி, அவருடைய இருமல்?

சின்னப் பிள்ளைகளுக்கு வரும் காசநோய் பெரும்பாலும் மற்றவர்களுக்குத் தொற்றாது. பிள்ளைக்கு ஒரு பெரியவரிடமிருந்து வந்திருக்கும். அதனால் ஒரு பிள்ளைக்கு நோய் என்றால் நாங்கள் உடனே அந்த வீட்டில் இருமுகிற பெரியவரைத் தேடுவோம். இந்தத் தடவை தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை. பிறந்தவுடன் பீ.சீ.ஜீ. (காசநோய்த் தடுப்பூசி) போட்டோமே என்று பிள்ளையின் தாய் அழுதார். அந்த ஊசி பிள்ளைகளை மூளையைத் தாக்கும் கொடிய வகையிலிருந்து பெரும்பாலும் காப்பாற்றும், நோயே வராது என்று அதற்கு அர்த்தமில்லை. இதை நூறு தாய்மாருக்காவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு மருந்து. இரண்டாம் மாதத்தில் உடம்பு நன்றாகிவிடும், கிருமி போயிருக்காது. அரைகுறையாக நிறுத்தினால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாத கிருமியாக மாறலாம். அப்படி மாறினால் உங்களிடமிருந்து தொற்றுகிறவர் வாழ்நாளில் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடாத மனிதராக இருந்தாலும் அவருக்கு முதல் நாளிலிருந்தே இந்தச் சாதாரண மருந்து வேலை செய்யாது. இவருடைய சளியை, கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்று காட்டும் ஜீன்எக்ஸ்பர்ட் மெஷினில் போட்டு முடிவு வரும்வரை எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தேவகிருபை, மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமிதான்.

இப்போது விசுவாசத்துக்கு வருகிறேன். செபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் செபித்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணுகிறேன், அப்புறம் ஹெல்மெட்டும் போடுகிறேன். மாற்கு முதலாம் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகியை இயேசு தொட்டுச் சுகமாக்குகிறார். தொட்டது தேவகுமாரன், சந்தேகத்துக்கே இடமில்லை. அப்படியிருந்தும் அடுத்த வார்த்தை என்ன? "நீ போய், ஆசாரியனுக்கு உன்னைக் காண்பித்து" என்கிறார். அந்தக் காலத்தில் ஒருவனுக்குத் தொற்று இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஊருக்குள் விடுகிறவர் ஆசாரியர்தான். லேவியராகமம் 13ஐ ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஏழு நாள் அடைத்து வைத்துப் பார், மாறாவிட்டால் இன்னும் ஏழு நாள் பார் என்று அச்சு அசலாக எங்கள் கிளினிக் அட்டை மாதிரியே இருக்கும். சுகமாக்கியவரே சுகமானவனைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அவன் சுகம் அவனுக்குத் தெரிந்தால் போதாது, அவனோடு ஒரே தெருவில் இருக்கப்போகிறவர்களுக்கும் உறுதியாகத் தெரிய வேண்டும். அவரே அனுப்பியிருக்கும்போது, சளிப் பரிசோதனைக்கு வர மாட்டேன் என்பதை எந்த விசுவாசத்தில் சேர்ப்பது?

(தொழில் சார்ந்து ஒரு சின்ன விஷயம்: குஷ்டக் கிருமியும் காசக் கிருமியும் ஒரே குடும்பம். ரிஃபாம்பிசின் என்ற மருந்து இரண்டுக்கும் கொடுக்கப்படுகிறது. வேதத்தில் குஷ்டம் என்று வருவதெல்லாம் இன்றைய குஷ்டம்தானா என்பது வேறு கதை.)

எலிசா தீர்க்கதரிசி சொன்னபடி செய்து குஷ்டம் நீங்கிய நாகமான் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது யோர்தானில் ஏழுதரம் முழுகினதை ஏழு விரல் காட்டி எண்ண வைப்பேன். ஒரு பையன் கேட்டான், "ரெண்டாவது தரமே சரியாகியிருந்தா ஏறியிருக்கலாம்தானே அங்கிள்?" அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. மருந்தைப் பாதியில் விட்டவர்களை எழுதும் எங்கள் டிஃபோல்ட்டர் ரெஜிஸ்டர் முழுக்க அந்த இரண்டாவது தரத்தில் கரையேறியவர்கள்தான்.

"என் உடம்பு, என் இஷ்டம்" என்ற பேச்சு புதிதுமல்ல. "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு" என்ற கொரிந்து சபையாருக்குப் பவுல் எழுதியது நம் எல்லாருக்கும் மனப்பாடம்: "ஒவ்வொருவனும் தன் சுயபிரயோஜனத்தைத் தேடாமல், பிறனுடைய பிரயோஜனத்தைத் தேடக்கடவன்." எங்கள் லயங்களில் அந்தப் "பிறன்" எங்கோ தூரத்தில் இல்லை. ஒரே பாயில் படுத்திருக்கிறான்.

இனி என்னை மிகவும் எரிச்சலூட்டும் விஷயம். கோப்பை.

அந்த வீட்டுக்கு முதல்முறை போனபோது சுவரில் ஓர் ஆணி, அதில் ஒரு எனாமல் கோப்பை தனியாகத் தொங்கியது. கீழே ஒரு தட்டு. அவருடைய கோப்பை, அவருடைய தட்டு, மற்றவர்கள் தொட மாட்டார்கள். அவருடைய தாய் பெருமையாகச் சொன்னார், "எல்லாம் வேற வேறயா வெச்சிருக்கோம் ஐயா." அண்ணாந்து பார்த்தேன். இருந்த ஒரே ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பனிக்குளிர் வருகிறதாம். உள்ளே அடுப்புப் புகை, எட்டுப் பேரின் மூச்சு, அவருடைய இருமல், எல்லாம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன.

காசநோய் கோப்பையில் பரவாது. தட்டில் பரவாது. கை கொடுத்தால், துணியைச் சேர்த்துத் துவைத்தால், ஒரே பாணை இரண்டாகப் பிய்த்துத் தின்றால் பரவாது. திருவிருந்துப் பாத்திரத்திலும் பரவாது. இதை இரண்டு போதகர்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள், அதனால் பகிரங்கமாகச் சொல்கிறேன். நோயாளி இருமும்போது, உரக்கப் பேசும்போது, பாடும்போது வெளியே வரும் நுண்ணிய துளிகள் காற்றில் மிதக்கும். மூடிய அறையில் மணிக்கணக்காக மிதக்கும். அதை மூச்சில் இழுக்கிறவருக்குத் தொற்றும். அவ்வளவுதான். அவருடைய கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் மருந்து எடுக்காமல் இருமிக்கொண்டிருக்க, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு முழு இரவு செபத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் ஆகும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திருவிருந்தில் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கப் பயம். செபவீட்டு ஜன்னலைத் திறக்க மட்டும் சோம்பல்.

ஒழுங்காக மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரம் போனால் தொற்றும் தன்மை பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் கோப்பையைப் பிரித்து வைப்பதில் ஒரே ஒரு பலன்தான் இருக்கிறது. அந்த மனிதருக்குக் கேவலமாக இருக்கும்.

அந்தக் கேவலத்தின் விலையை நான் தினமும் பார்க்கிறேன். என் மோட்டார் சைக்கிள் ஒரு லயத்துக்கு முன்னால் நின்றால் மாலைக்குள் தோட்டமே பேசும், அதனால் கோயிலடியில் நிறுத்திவிட்டு நடந்து போகிறேன். தவறான முகவரி கொடுத்தவர்கள் உண்டு. பக்கத்து டவுன் கிளினிக்கில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று மூன்று பஸ் மாறி இன்னொரு ஊருக்குப் போனவர் உண்டு. கல்யாணம் நின்றுவிடும் என்று மகளின் இருமலை ஒளித்த தகப்பன் உண்டு. மருந்தை நிறுத்தியவரைத் திட்டும்போது இதையும் சொல்ல வேண்டும்: பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது "அவனுக்கு அந்த வியாதியாம்" என்று சொன்னவருக்கும் அந்தப் பிள்ளையின் நோயில் பங்கிருக்கிறது. "செபக்குறிப்பு" என்ற பெயரில் வட்ஸ்அப்பில் போட்டவருக்கும் இருக்கிறது. இது 1882இல் ராபர்ட் கோச் கண்டுபிடித்துச் சொன்ன ஒரு கிருமி. அவர் அதை அறிவித்த மார்ச் 24ஆம் திகதியில்தான் வருடாவருடம் நாங்கள் காசநோய் தினப் பேனர் கட்டுகிறோம். பாட்டன் செய்த பாவமுமில்லை, எவரும் வைத்த சூனியமுமில்லை.

சரி, செய்ய வேண்டியது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, வந்து சளியைக் காட்டுங்கள். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி. எச்சிலைத் துப்பிக் கொண்டுவந்து எங்கள் லெப்காரரின் சாபத்தை வாங்காதீர்கள். பரிசோதனையும் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம்.

மருந்து தொடங்கினால் முடிக்க வேண்டும். சனிக்கிழமை குடிக்கப் போவதால் அன்றைக்கு மட்டும் மாத்திரையை விடுவேன் என்று ஒருவர் என்னிடமே நியாயம் பேசினார். அப்பனே, சாராயத்தை விடு. இந்த மாத்திரைகளோடு சாராயமும் சேர்ந்தால் ஈரல் தாங்காது. கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பார்வை மங்கினால் நீங்களாக முடிவெடுக்காமல் அன்றைக்கே கிளினிக்குக்கு வாருங்கள். மூத்திரம் செம்மஞ்சளாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம். மருந்து குடித்தேன் என்று பொய் சொல்கிறவர்களை அந்த நிறம்தான் எங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். கர்ப்பத்தடை மாத்திரை எடுக்கும் சகோதரிகள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுக்கும்.

வீட்டில் ஒருவருக்கு என்றால் மற்ற எல்லாரும் பரிசோதனைக்கு வர வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் முதலில். நோய் இல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்போம். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போய்விடும் என்று யோசிக்கிறீர்கள், தெரியும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்காத நாளுக்குச் சம்பளம் இல்லாத வீடுகளில்தான் நானும் வளர்ந்தேன். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த ஒரு நாளைக் கொடுங்கள்.

போதகர்மாரே, உங்கள் முன் ஒருவர் எழுந்து மருந்தை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொன்னால் அல்லேலூயாவுக்கு முன்னால் அட்டையைக் கேளுங்கள். கடைசிச் சளிப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று பாருங்கள். அதன் பிறகு நானும் வந்து உங்களோடு அல்லேலூயா சொல்கிறேன்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். மருந்து மறுபடி தொடங்கி ஐந்தாம் வாரம். காலையில் பெரியப்பாவும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்துதான் மருந்து குடிக்கிறார்களாம். பிள்ளையின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது அவர்தான். ஜன்னல் பலகையைக் கழற்றியிருந்தார்கள், குளிருகிறது என்று தாய் முறைப்பட்டார். சுவரைப் பார்த்தேன். இப்போது ஆணி இரண்டு. எனாமல் கோப்பைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கோப்பை.

இரண்டையும் கழற்றி மற்றக் கோப்பைகளோடு வைத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போகும்போது பார்க்க வேண்டும்.