பூப்போட்ட துணி குடித்த ரத்தம்

மலாவியில் பேசப்படும் சிச்சேவா மொழியில் கர்ப்பிணியை 'மாயி வபகாத்தி' என்பார்கள். 'பகாத்தி' என்றால் நடுவில். எதற்கும் எதற்கும் நடுவில் என்று எங்கள் வார்டின் மூத்த மருத்துவச்சியிடம் கேட்டேன். "உயிருக்கும் சாவுக்கும்தான், வேறு எதற்கு?" என்று கையுறையைக் கழற்றியபடியே சொன்னார். பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்று நம் பாட்டிமார் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

அரசு மகப்பேறு மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, தெற்கு மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வருகிறவர்கள் கையோடு சில பொருள்களைக் கொண்டுவர வேண்டும்: ஒரு பிளேடு, ஒரு பேசின், கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, மூன்று நான்கு சிட்டென்ஜே. சிட்டென்ஜே என்பது இரண்டு மீட்டர் நீளமுள்ள பருத்தித் துணி. இடுப்பில் உடுத்துவதும் அதுதான், குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வதும் அதுதான், பிரசவ மேசையில் விரிப்பதும் அதுதான். அடர்ந்த நிறம், பெரிய பெரிய பூக்கள். பார்க்க அழகு. ரத்தத்தை மறைப்பதில் அதற்கு இணை கிடையாது.

மழைக்காலத்தில் ஓர் இரவு. நான்காவது பிரசவத்துக்கு வந்திருந்த பெண். சிக்கல் ஏதுமில்லாமல் ஆண் குழந்தை பிறந்தது, பத்து நிமிடத்தில் நஞ்சுக்கொடியும் விழுந்தது. போன ரத்தம் எவ்வளவு என்று நான் எட்டிப் பார்த்து, "400 மில்லி இருக்கும்" என்றேன். கேஸ் ஷீட்டில் 400 என்று எழுதினார்கள். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண், குளிர்கிறது, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள். நாடியைப் பிடித்தால் 130. அடியில் விரித்திருந்த நீலத் துணியைத் தூக்கினேன். ஊறிய கம்பளிபோலக் கனத்தது.

பிழைத்துக்கொண்டாள். ரத்த வங்கியில் அவள் வகை ரத்தம் ஒரு பைதான் இருந்தது. இரண்டாவது பையை அவள் தம்பி கொடுத்தான். விடிந்த பிறகு, எனக்கு மனம் ஆறாமல், நனைந்த துணி மூன்றையும் குழந்தைகளை எடை போடும் தராசில் வைத்தேன். 2 கிலோ 300 கிராம். அதே அளவுள்ள உலர்ந்த துணிகள் மூன்று 800 கிராம். ஒரு மில்லி ரத்தம் ஏறத்தாழ ஒரு கிராம். பனிக்குட நீரும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று கழித்துக்கொண்டாலும் ஒரு லிட்டருக்குக் குறையாது. இருபதாண்டு அனுபவம் உள்ள கண் 400 என்று சொன்ன ரத்தம் அது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்தவுடன் கருப்பைத் தசை இறுகி, அந்தக் குழாய்களைத் தானே நெரித்துப் பிடிக்க வேண்டும். இறுகாவிட்டால் அது திறந்துவிட்ட குழாய்தான். கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். இதில் இன்னொரு வஞ்சகம், இளம் பெண்ணின் உடம்பு நெடுநேரம் சமாளித்துக் காட்டும். ஒரு லிட்டர் போகும்வரை ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காது; இறங்கும்போது ஒரேயடியாக இறங்கும். மலேரியாவாலும் போதாத சாப்பாட்டாலும் ஏற்கெனவே ரத்தம் குன்றிய பெண்ணுக்கு அந்த அவகாசமும் கிடையாது.

கண்ணளவு பொய் சொல்லும் என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. நம் பக்கத்து மாநிலத்தில், பெலகாவியில், தாயின் இடுப்புக்குக் கீழே விரித்து, அளவுக் கோடுகள் போட்ட பையில் ரத்தத்தைச் சேகரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வில், கண்ணால் மதிப்பிட்ட அளவு விரிப்பு காட்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. இத்தனைக்குப் பிறகும் உலகின் பெரும்பாலான பிரசவ அறைகளில் நாம் எட்டிப் பார்த்துத்தான் எண் சொல்லிக்கொண்டிருக்கிறோம். காய்கறிக் கடையில் கால் கிலோ வெண்டைக்காய்க்குத் தராசு கேட்கிறவர்கள் நாம்.

2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆரி குமாரசாமி தலைமையில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் நடந்தது. புது மருந்து ஒன்றுமில்லை. அளவுக்கோடு போட்ட விரிப்பால் ரத்தப்போக்கைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. கண்டவுடன் கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையை இறுகவைக்கும் ஆக்சிடோசின், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை, எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்வது. பழைய முறையில் சிகிச்சை தந்த மருத்துவமனைகளில் 100 தாய்மாரில் 4.3 பேர் கடும் ரத்தப்போக்குக்கோ, அதற்கான வயிற்று அறுவைக்கோ, மரணத்துக்கோ ஆளானார்கள். புதிய முறையில் 1.6 பேர். என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறோர் எண். பழைய முறையில் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு ஏற்பட்ட தாய்மாரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அது இருப்பதே கண்டுபிடிக்கப்படவில்லை. விரிப்பு வந்த இடங்களில் 93 சதவீதம் கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது, மருந்து அலமாரியில் இருந்தது, செவிலியர் அறையில் இருந்தார், தாய்க்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

மருந்து அலமாரியில் இருப்பதும் போதாது. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரில் அந்தக் குப்பியின் வீரியத்துக்கு யார் உத்தரவாதம்? வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் என்ற மருந்து ரத்தப்போக்கைத் தடுப்பதில் ஆக்சிடோசினுக்கு ஈடானது என்று 2018-இல், பத்து நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. டிரானெக்ஸாமிக் அமிலத்துக்கு நேரம்தான் எல்லாம். பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். பிந்துகிற ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் பத்தில் ஒரு பங்கு கரையும்.

இரவுப் பணியில் பெரும்பாலும் ஒரே மருத்துவச்சி. குழந்தை அழவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? துடைத்து, முகமூடி வைத்து, பையை அழுத்தி மூச்சு கொடுப்பார். அந்த முதல் நிமிடத்தைத் தவறவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து. அந்த நேரத்தில் தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். எங்கள் வார்டில் நான் விசாரித்த மோசமான ரத்தப்போக்குகளில் பல, இப்படிக் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தவை. அந்த மருத்துவச்சியை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டு உயிருக்கு இரண்டு பேர் வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

அளவுக்கோடு போட்ட விரிப்புகள் எங்களுக்கு வந்து சேரவில்லை. ஆகவே, தாய்மார் கொண்டுவரும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கையே மேசை விளிம்பில் புனல்போல மடித்து, அவர்கள் கொண்டுவரும் பேசினுக்குள் தொங்கவிட்டோம். அளவுக் குவளை ஒன்று வாங்கினோம். குழந்தை பிறந்து பனிக்குட நீர் வடிந்த பிறகுதான் பேசினை வைப்பது என்று விதி. சிட்டென்ஜே குழந்தையைப் போர்த்த மட்டும். முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். வெளியே சமைத்துக்கொண்டு காத்திருக்கும் பாட்டிமார், "ரத்தத்தை ஏன் அளக்கிறீர்கள், எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்று சந்தேகப்பட்டார்கள். ஒரு பாட்டியை உள்ளே கூப்பிட்டு, அளப்பதையும் கொட்டுவதையும் கண்முன்னே காட்டிய பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. வெட்டி ஒட்டிய ஏற்பாடுதான். ஆனால் கேஸ் ஷீட்டுகளில் 350, 620, 480 என்று உண்மையான எண்கள் வர ஆரம்பித்தன. அதற்கு முன்பு எல்லாம் 200, 300.

500 மில்லியைத் தாண்டினால்தான் அளவுக்கு மீறிய ரத்தப்போக்கு என்பது பழைய பாடம். 2025-இல் உலக சுகாதார நிறுவனம் இதை மாற்றியது. 300 மில்லி போயிருக்கும்போதே நாடித்துடிப்பு கூடியோ ரத்த அழுத்தம் இறங்கியோ இருந்தால் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். குடும்பத்தினருக்கு இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. பிரசவமான பெண் குளிர்கிறது என்கிறாள், தாகம் என்கிறாள், இருப்புக்கொள்ளாமல் புரள்கிறாள், பேச்சுக்குப் பதில் சொல்லாமல் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்றால், "களைப்பு, தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். போர்வையை விலக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். செவிலியர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

ஊர் திரும்பிய பிறகு தெரிந்தவர்கள் வழியாக ஒரு பிரசவ அறைக்குப் போனேன். நல்ல வெளிச்சம், நல்ல குளிர்பதனப் பெட்டி, மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள். கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினேன். குழந்தையின் எடை 2.94 கிலோ, 3.12 கிலோ என்று பத்து கிராம்வரை சுத்தமாக இருந்தது. ரத்தப்போக்கு என்ற கட்டத்தில், பக்கத்துக்குப் பக்கம், 'நார்மல்'.