கோடெக் – தொகைவிரி

வீட்டுக் கணினியில் படம் பார்க்கும் யாருக்கும் இந்தச் சொல் ஒருநாள் குறுக்கே வந்திருக்கும். கோப்பைச் சொடுக்கினால் ஒலி மட்டும் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். இல்லையென்றால் படம் ஓடும், சத்தம் வராது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, தேவையான கோடெக் இல்லை என்று சொல்லும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தெரிந்தவர்களிடம் கேட்டால், "கோடெக் பேக் ஒன்று இருக்கிறது, போட்டுவிடு" என்பார்கள். போட்டோம், ஓடியது. போட்டது என்ன, அது என்ன வேலை செய்தது என்று மட்டும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கோடெக் இரண்டு சொற்களின் ஒட்டு. 'கோடர்' என்பதன் தலையையும் 'டிகோடர்' என்பதன் தலையையும் வெட்டிச் சேர்த்தார்கள். குறிகளாக ஆக்குவது ஒன்று, அந்தக் குறிகளைப் பிரித்து மறுபடி பழைய பொருளாகத் தருவது மற்றொன்று. 'மோடம்' என்ற சொல்லும் இதே முறையில் பிறந்ததுதான். இரண்டுமே தொலைத்தொடர்புத் துறையிலிருந்து கணினிக்கு வந்தவை. தொலைபேசியில் நாம் பேசும் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதி, நொடிக்கு 64 கிலோபிட் எண்களாக மறுமுனைக்கு அனுப்புவார்கள். அங்கே அந்த எண்களைத் திரும்பக் குரலாக்குவார்கள். இந்த இரண்டு வேலையையும் ஒரே கருவி செய்தது, அதனால் இரண்டு பெயரும் ஒன்றாயின. அந்த வேலையில் சுருக்குதல் பெரிதாக இல்லை. வீடியோ கணினிக்குள் வந்த பிறகுதான் சுருக்குவதே கோடெக்கின் முதன்மை வேலையானது. சுருக்கி, விரிப்பி என்று பொருள்தரும் வேறு இரண்டு ஆங்கிலச் சொற்களும் இதே எழுத்துகளில் தொடங்குவதால், அவற்றின் ஒட்டுதான் கோடெக் என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அது பிற்பாடு வந்து சேர்ந்த விளக்கம்.

'கோட்' எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'கோடெக்ஸ்' என்றால் முதலில் அடிமரம். மரத்தை அறுத்த பலகைகளில் மெழுகு பூசி எழுதினார்கள், பலகைகளைச் சேர்த்துக் கட்டினார்கள், அப்படிக் கட்டியதற்கும் அதே பெயர் நின்றது. அப்புறம் ஏடு என்ற பொருள், அதிலிருந்து சட்ட நூல் என்ற பொருள். கி.பி. 529-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்புக்கு அந்தப் பெயர்தான். சட்டத் தொகுப்பிலிருந்து விதிகளின் தொகுப்பு, பிறகு தந்திக் காலத்தில் புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் குறிமுறை என்று பொருள் நகர்ந்துகொண்டே வந்தது. நமக்கு இது அந்நியமான பயணம் இல்லை. பனையின் ஓலையைக் குறித்த 'ஏடு' நம் மொழியில் புத்தகத்தைக் குறிக்கவில்லையா? பள்ளிக் குழந்தையின் பதிவேட்டில்கூட அந்தப் பனையோலை இருக்கிறது.

'ஃபார்மட்' என்ற சொல்லும் புத்தகத்தின் அளவையும் உருவத்தையும் சொல்லப் பிறந்ததே. 'வீடியோ'வுக்கு லத்தீனில் 'நான் காண்கிறேன்' என்று பொருள். தமிழில் அதற்குக் காணொளி, காணொலி, நிகழ்படம், விழியம் என்று பல சொற்கள் புழங்குகின்றன. எதை எடுத்தாலும் எனக்குச் சரி. நான் கவலைப்படுவது அந்தச் சொல்லைப் பற்றியல்ல, 'வடிவம்' என்ற சொல்லைப் பற்றி. ஏவிஐ ஒரு வடிவம், எம்பி4 ஒரு வடிவம், எச்.264 ஒரு வடிவம் என்று எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லுக்குள் போட்டு எழுதுகிறோம். குழப்பம் அங்கேதான் முளைக்கிறது.

கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து நிற்கும் ஏவிஐ, எம்பி4, எம்கேவி எல்லாம் பாத்திரங்களின் பெயர். உள்ளே இருக்கும் பண்டத்தின் பெயர் அல்ல. நம் வீட்டு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அடுக்கில் படம், ஒரு அடுக்கில் ஒலி, இன்னொன்றில் துணையுரை (சப்டைட்டில்), எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கைப்பிடி. இந்தப் பாத்திரத்துக்குக் 'கலன்' அல்லது 'கொள்கலன்' என்பது பொருத்தமான சொல். ஏவிஐ 1992-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த கலன். எம்பி4 அதற்குப் பின் வந்தது, ஆப்பிளின் குயிக்டைம் கலனை அடிப்படையாகக் கொண்டது. எம்கேவியின் முழுப்பெயர் மத்ரோஸ்கா. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மையின் பெயரைத் தழுவி வைத்தார்கள். எத்தனை ஒலித்தடம், எத்தனை துணையுரை வேண்டுமானாலும் அதில் அடுக்கலாம். பழைய வி.சி.டி.யைத் திறந்தால் தெரியும் டாட் கோப்பும், டிவிடியில் இருக்கும் விஓபி கோப்பும் கலன்களே.

அடுக்கில் இருக்கும் சாம்பாரும் கூட்டும்தான் கோடெக்கின் கைவேலை. எம்பெக்-1, எம்பெக்-2, டிவ்எக்ஸ், எச்.264, எச்.265, விபி9, ஏவி1 ஆகியவை படத்துக்கு. ஏசி3, ஏஏசி, எம்பி3 ஆகியவை ஒலிக்கு. எம்கேவி என்று பெயர் போட்ட இரண்டு கோப்புகளில் ஒன்றில் 2003-இல் வந்த எச்.264 இருக்கலாம், மற்றொன்றில் 2018-இல் வந்த ஏவி1 இருக்கலாம். முதலாவது பழைய கணினியிலும் ஓடும், இரண்டாவது திணறும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பெயர். பின்னொட்டை எம்கேவியிலிருந்து எம்பி4 என்று கையால் திருத்தினால் கேரியரின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு மாறும், அவ்வளவே.

ஏன் இவ்வளவு சிரமப்பட்டுச் சுருக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு எச்டி படத்தின் ஒரு சட்டகத்தில் (ஓடும் படத்தின் ஒரு நிலைப்படத்தில்) 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட். நொடிக்கு 25 சட்டகம். பெருக்கினால் ஒரு நொடிப் படத்துக்கு 155 மெகாபைட்டுக்கு மேல் வருகிறது. 4.7 ஜிபி டிவிடி ஒன்று முப்பது நொடியில் நிரம்பிவிடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 1.4 டெராபைட் வேண்டும். அதே படம் 2 ஜிபி கோப்பாக நம் பென்டிரைவில் இருக்கிறதென்றால், ஏறக்குறைய எழுநூறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது.

எப்படிச் சுருங்குகிறது என்பதில் இரண்டு உத்திகள் முக்கியம். ஒருவர் சுவர் முன் உட்கார்ந்து பேசுகிறார் என்றால் சுவர் அப்படியேதான் இருக்கிறது. அதை நொடிக்கு 25 முறை எழுதத் தேவையில்லை. அவ்வப்போது ஒரு முழுச் சட்டகம், இடையில் மாறியது மட்டும் என்று எழுதினால் போதும். வீடியோவை நடுவில் வெட்டும்போது முதல் சில நொடிகள் உறைந்தோ கலங்கியோ தெரிவது இதனால்தான். வெட்டிய இடத்தில் முழுச் சட்டகம் இல்லை, 'மாறியது' மட்டும் இருக்கிறது.

இரண்டாவது உத்தி ஒரு சட்டகத்துக்கு உள்ளேயே நடக்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு என்று சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் 64 புள்ளிகளையும் அலைகளின் அளவுகளாக மாற்றுவார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுண்ணிய அலைகளைத் தள்ளிவிடுவார்கள். இந்தக் கணக்குக்குத் தனித்த கொசைன் உருமாற்றம் என்று பெயர். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதை யோசித்தார். 1972-இல் ஆய்வுக்கு அவர் கேட்ட நிதியை அந்நாட்டு அறிவியல் நிறுவனம் தரவில்லை. அவர் விடவில்லை. டி. நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது. ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். ஜேபெக் படமும் வி.சி.டி.யும் டிவிடியும் அந்தக் கணக்கின் மேல் நிற்பவை. வி.சி.டி.யில் இருட்டுக் காட்சி வரும்போது கருமை கட்டம் கட்டமாகப் பிரிந்து தெரியுமே, அது அந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்களின் ஓரம். அதைப் பார்த்தே வளர்ந்தோம். பெயர் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'கோட்' என்பதற்குக் குறி, குறிமுறை என்பவை நிலைத்துவிட்டன. அதிலிருந்து குறியாக்கம், குறிவிலக்கம் என்றும், அவற்றைச் செய்வதற்குக் குறியாக்கி, குறிவிலக்கி என்றும் சொற்கள் வந்துள்ளன. தனித்தனியாகச் சொல்ல இவை நன்றாகவே உதவுகின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும். செய்தியைப் பிறர் படிக்காதபடி பூட்டுவதையும் சிலர் குறியாக்கம் என்றே எழுதுகிறார்கள். அதற்கு மறையாக்கம் என்ற நல்ல சொல் இருக்கிறது. வீடியோவைக் குறியாக்குவதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை.

ஆனால் கோடெக் என்பது இரண்டும் சேர்ந்த ஒன்று. 'குறியாக்கி-குறிவிலக்கி' என்று ஒவ்வொரு முறையும் எழுதினால் படிப்பவர் வாய் வலிக்கும். இரண்டு எதிரெதிர் வேலைகளைச் சேர்த்து ஒரே சொல்லாக்குவது தமிழுக்குப் புதிதும் இல்லை. போக்குவரத்து, வரவுசெலவு, ஏற்றஇறக்கம் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். இந்த வழியில் தேடியபோது எனக்குக் கிடைத்த சொல் 'தொகைவிரி'. இது நான் படைத்ததல்ல. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நூல் செய்யும் வகை நான்கை நன்னூல் சொல்கிறது, தொல்காப்பிய மரபியலிலும் இந்த வரிசை உண்டு. அங்கே தொகைவிரி என்பது, விரிந்து கிடப்பதைத் தொகுத்தும் தொகுத்துக் கிடப்பதை விரித்தும் ஒரு நூலை ஆக்குவது. சுருக்குவதும் விரிப்பதும் ஒரே கையின் வேலை என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னும் ஒரு பொருத்தம். பள்ளியில் தொகைநிலைத் தொடர் படித்திருப்போம். 'சுடுசோறு' என்று இரண்டு துண்டு எழுதினால், சுட்ட சோறு, சுடுகிற சோறு, சுடும் சோறு என்று மூன்று காலத்தையும் விரித்துக்கொள்கிறோம். 'இரவுபகல்' என்றால் இரவும் பகலும். மறைந்து கிடக்கும் 'உம்'மை யாரும் எழுதவில்லை, ஆனாலும் அது தொலைந்துபோகவில்லை. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒரே விதி தெரிந்திருப்பதால் அது திரும்பக் கிடைக்கிறது. விதி தெரியாதவரிடம் கொடுத்தால் வெறும் துண்டுதான். திரையில் தோன்றும் 'கோடெக் இல்லை' என்ற பெட்டி சொல்வதும் இதையே: தொகுத்த விதி என்னிடம் இல்லை, என்னால் விரிக்க முடியாது. படம் ஓட்டும் மென்பொருளான விஎல்சி எல்லாவற்றையும் ஓட்டுகிறது என்று நாம் மெச்சுவதும் இதனால்தான். பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கி, 2001-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவிட்ட அந்த இயக்கி, விரிக்கும் விதிகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கணினியில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

சொல் தெரியாததால் நேர்ந்த இழப்பு ஒன்று எனக்கு உண்டு. தங்கையின் நிச்சயதார்த்தத்தை கேமராவில் எடுத்தவர் கோப்புகளை அப்படியே பென்டிரைவில் கொடுத்திருந்தார். பின்னொட்டு எம்டிஎஸ். வீட்டு டிவியில் போட்டால் படம் வந்தது, நாதஸ்வரம் வரவில்லை. 'வடிவம் சரியில்லை' என்று நினைத்து, இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றியில் மொத்தத்தையும் எம்பி4 ஆக்கப் போட்டேன். பழைய கணினி. மதியம் தொடங்கியது, அம்மா தூங்கப் போகும்வரை முடியவில்லை. மறுநாள் ஓட்டிப் பார்த்தபோது ஒலி வந்தது, ஆனால் தங்கையின் பட்டுப்புடவை ஜரிகையில் இருந்த மாங்காய்கள் கரைந்து மஞ்சள் பூச்சாகக் கிடந்தன. ஏற்கெனவே சுருக்கியதை விரித்து மறுபடி சுருக்கினால், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்ததுபோல்தான். முதல் சுருக்கத்தில் தள்ளியது திரும்ப வராது, இரண்டாவது சுருக்கம் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தள்ளும்.

பிறகுதான் விஎல்சியில் கோப்பைத் திறந்து கண்ட்ரோலோடு ஜே விசையைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லிவிடும். படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏ52, அதாவது ஏசி3 என்று காட்டியது. படத்தின் கோடெக்கை அந்த டிவி நன்றாகவே அறியும், ஒலியினுடையதைத்தான் அறியாது. படத்தைத் தொட வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் படத்துக்கு 'நகல்' என்று விட்டு, ஒலிக்கு மட்டும் ஏஏசி என்று தேர்ந்து, கலனை எம்பி4 ஆக்கிச் சேமித்தேன். அரை நாள் வேலை சில நிமிடங்களில் முடிந்தது. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால் ஜரிகை பிழைத்தது.

ஆகவே 'மாற்றுதல்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று கலன் மாற்றுதல்: சாம்பாரை ஒரு கேரியரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது. தரத்தில் ஒரு துளியும் குறையாது. மற்றொன்று மறுகுறியாக்கம்: மறுபடி அடுப்பில் ஏற்றுவது. நேரமும் எடுக்கும், தரமும் இழக்கும். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள் படத்தை எப்போதும் மறுகுறியாக்கம்தான் செய்யும். டிவியோ பழைய கைப்பேசியோ படத்தின் கோடெக்கையே அறியாதபோது அதுவே வழி. அப்போது தர எண்ணைக் கவனியுங்கள். எச்.264-க்கு அது 18-லிருந்து 23-க்குள் இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குக் குறை தெரியாது. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும்.

பேச்சில் கோடெக் என்றே சொல்லலாம், எனக்குத் தடையில்லை. எழுதும்போது தொகைவிரியையும் கலனையும் பிரித்து எழுதிப் பாருங்கள். தங்கையின் கோப்பைப் பற்றி நான் இப்போது குறித்து வைத்திருப்பது இப்படி: கலன் எம்பி4, படத்தின் தொகைவிரி எச்.264, கைவைக்கவில்லை; ஒலியின் தொகைவிரி ஏசி3-லிருந்து ஏஏசி ஆக்கியது; மூலம் தனி வட்டில் உள்ளது.