தண்ணீர் பளிச்சென்று இருக்கிறதே, இன்னும் ரெண்டு மீன் விடலாமா?

போன வாரம் விடியற்காலையில் ஒரு போன். "மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, சீக்கிரம் வாங்க." அண்ணனும் தம்பியும் சேர்ந்து வைத்திருக்கும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி அது. மூன்று மாதத்துக்கு முன் நான் பார்த்தபோது அதில் ஐந்து மீன்கள் இருந்தன. இப்போது எண்ணினால் பதின்மூன்று. அதில் மூன்று ஏற்கெனவே மணலில் கிடந்தன. ஒரு ப்ளூ டேங் பக்கவாட்டில் சாய்ந்து, பம்ப் தள்ளுகிற பக்கமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. செவுள் மூடி எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டது.

மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சுதான் அம்மோனியா. அதற்கான டெஸ்ட் போட்டேன். மஞ்சளாக நிற்க வேண்டிய ட்யூப், ஐந்து நிமிடத்தில் நல்ல பச்சையாகிவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, முந்தின நாள் மாலை அண்ணன் ஒரே தடவையில் நான்கு மீன்களை விட்டிருக்கிறார். தம்பிக்குப் பிறந்தநாள் பரிசு. பிரியத்தில் செய்ததுதான். தண்ணீர் மாற்றுவது, கண்ணாடி தேய்ப்பது, உப்பளவு பார்ப்பது எல்லாம் தம்பியின் வேலை. அண்ணன் வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அண்ணன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சே சார்."

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. நைட்ரைட்டுக்கும் இல்லை, நைட்ரேட்டுக்கும் இல்லை. ஃபில்டர் பஞ்சு தூசியைப் பிடிக்கும், தண்ணீர் பளபளக்கும். கரைந்திருக்கும் நஞ்சை அந்தப் பஞ்சு தொடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுப்பவை பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள். ஒன்பது மீன் போடும் கழிவுக்குப் பழகிய கூட்டம், பதின்மூன்றுக்கு ஒரே ராத்திரியில் பெருகிவிடாது. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல்நீர்த் தொட்டியில் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8.1 முதல் 8.4 வரை இருக்கும். பிஹெச் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சான பங்கு கூடும். டெஸ்ட்டில் அதே அளவு காட்டினாலும், பிஹெச் 7 உள்ள நன்னீரில் தப்பிக்கும் மீன் இங்கே தப்பிக்காது. மீன் நன்றாகச் சாப்பிடுகிறது என்பதும் சாட்சி இல்லை. அந்த வீட்டு மீன்களும் முந்தின நாள் ராத்திரி வரை நன்றாகத்தான் சாப்பிட்டன.

ஆக்சிஜன் கணக்கையும் யாரும் போடுவதில்லை. அதே சூட்டில் நன்னீர் பிடித்து வைப்பதைவிடக் கடல்நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். விளக்கு அணைந்த பிறகு பாசியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எனக்கு போன் வருவதெல்லாம் விடியற்காலையில்தான் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், 200 லிட்டர் என்பது வெறும் கண்ணாடியின் அளவு. பாறையும் மணலும் போக உள்ளே இருக்கும் தண்ணீர் அதைவிடக் குறைவு. கடையில் விரல் நீளத்தில் நிற்கும் ப்ளூ டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும் மீன். தொட்டிக்கு ஏற்றபடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்படி நின்றுபோனால் அது நோயின் அடையாளம். பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) போட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். ஸ்கிம்மர் கழிவைக் குறைக்கும், நீந்த இடம் தராது. டாம்செல் போன்ற மீன்கள் இடத்துக்காகப் போடும் சண்டையையும் நிறுத்தாது.

சரி, மீன் வாங்கி வரும் ஆளை என்ன செய்வது? தயவுசெய்து அவருக்குத் தெரியாமல் மீனைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்த ஒரு வீட்டில் மாமனாரும் மருமகனும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. அவர் கையிலேயே டெஸ்ட் கிட்டைக் கொடுங்கள். அவரே சொட்டு விட்டு, அவரே நிறம் பார்த்து, தொட்டி ஸ்டாண்டில் ஒட்டிய தாளில் வாராவாரம் நைட்ரேட்டை எழுதட்டும். நீங்கள் பத்து முறை சொன்னதைவிட அந்தத் தாள் அவரிடம் நன்றாகப் பேசும். எந்த மீன், எத்தனை, முழுசாக வளர்ந்தால் என்ன நீளம் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். பட்டியலில் இல்லாத மீன் தொட்டிக்குள் போகக் கூடாது, யார் வாங்கி வந்தாலும் சரி. கடைசிச் சொல் யாருடையது என்று தகராறு வந்தால், வாளி தூக்குகிறவருடையது. இதில் வயது வரிசை பார்க்காதீர்கள்.

ஆசையாக வந்துவிட்ட மீனுக்குத் தனியாக ஒரு சின்னக் குவாரன்டைன் தொட்டி, அதாவது புது மீனைத் தனிமைப்படுத்திக் கவனிக்கும் தொட்டி, வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் அங்கேயே இருக்கட்டும். வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தாமிர மருந்தையும் அங்கே கொடுக்கலாம். பெரிய தொட்டியில் கொடுத்தால் இறாலும் பவளமும் சேர்ந்து சாகும். கொண்டுவந்தவர் மனமும் நோகாது, முடிவெடுக்க அவகாசமும் கிடைக்கும். அதிகப்படியான மீனைக் கடைக்கோ, பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ கொடுங்கள். கடலில் மட்டும் விடாதீர்கள். இந்தோ-பசிபிக் கடல்களின் சிங்கமீன் இன்று அட்லாண்டிக் பாறைத்திட்டுகளில் உள்ளூர் மீன்களை வேட்டையாடிக்கொண்டிருக்கிறது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவைதான் அதற்குத் தொடக்கம் என்று கருதப்படுகிறது.

ஏற்கெனவே கூட்டம் சேர்ந்துவிட்டதா? இன்றைக்குத் தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஓரிரு நாள் பட்டினி தாங்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அவசரமாகத் தண்ணீர் மாற்ற, உப்பளவும் சூடும் சரிபார்த்த கடல்நீர் ஒரு டிரம்மில் எப்போதும் தயாராக இருக்கட்டும். அன்று அந்த வீட்டில் அது இல்லை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வாளியாக உப்பு கரைத்து, சூடு ஏறட்டும் என்று காத்திருந்த நேரத்தில்தான் அந்த ப்ளூ டேங் அடங்கியது.