விலக்கப் போனவர் மீது ஏன் அடி விழுகிறது?

முன்பின் தெரியாத இருவரின் கைகலப்பை விலக்கப் போனவரையே சண்டைக்காரர் திருப்பித் தாக்குவது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் சுரப்பதும் இதயத் துடிப்பு விரைவதும் பள்ளிப் பாடத்தில் உள்ளவையே. வாசகரின் கேள்விக்கான விடை, அந்தக் கிளர்ச்சி அடங்கும் விதத்தில் இருக்கிறது.

கோபமூட்டிய காரணம் மனத்தை விட்டு நொடியில் நழுவிவிடலாம். உடலின் படபடப்போ அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அவ்வாறு எஞ்சி நிற்கும் படபடப்பு எதனால் வந்தது என்பதை மூளை பெரும்பாலும் அப்போதைய சூழலைப் பார்த்தே ஊகித்துக்கொள்கிறது. 1970களில் இதனைக் 'கிளர்ச்சி இடமாற்றம்' என விளக்கிய உளவியலாளர் டால்ஃப் சில்மன், சிலரைச் சீண்டிவிட்டு, மிதிவண்டி மிதிக்கச் செய்து, பிறகு பழிதீர்க்க வாய்ப்பளித்துச் சோதித்தார். மிதித்து முடித்த உடனே வாய்ப்புப் பெற்றவர்களைவிட, சில நிமிடங்கள் கழித்துப் பெற்றவர்களே கடுமையாக நடந்துகொண்டனர். மூச்சிரைக்கும் வரை அதற்குக் காரணம் உடற்பயிற்சிதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உடல் ஆறிவிட்டதாக எண்ணிய பின்னர், மிச்சமிருந்த படபடப்பு முழுவதும் கோபத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீராத சோதனை இது.

சண்டைக்காரரின் தோளைப் பின்னாலிருந்து பற்றுபவர், இவ்வாறு உரிமையாளரின்றிக் கிடக்கும் கிளர்ச்சிக்குப் புதிய காரணமாகிவிடுகிறார் என்றே நான் கருதுகிறேன். இதற்குப் பௌர்ணமியையும் கெட்ட நேரத்தையும் காரணம் காட்டுவோரிடம் எனக்குப் பொறுமை இல்லை.

தலையிடலாமா என முடிவெடுக்கும்போது, சண்டையிடுவோரின் உறவைத் தவறாகக் கணிப்பது இன்னொரு சிக்கல். 1976இல் வெளியான ஓர் ஆய்வில், ஆணொருவன் பெண்ணைத் தாக்குவதுபோல் நடிகர்களைக் கொண்டு காட்டினார்கள். "நீ யாரென்றே தெரியாது" என்று அவள் கூவியபோது 65 விழுக்காட்டினர் தலையிட்டனர். கணவனைப் பார்த்துக் கூவுவதுபோல் பேசியபோது 19 விழுக்காட்டினரே தலையிட்டனர்.

எனினும் விலக்கப் போனால் அடி விழும் என்ற அச்சம் அளவுக்கு மீறியது. ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், லங்காஸ்டர் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 பொதுவிடச் சண்டைகளில், பத்துக்கு ஒன்பது சண்டைகளில் பார்த்திருந்தோரில் ஒருவராவது தலையிட்டிருந்தார். அத்தகைய பதிவுகளை ஆராய்ந்ததில், தலையிட்டவர்களுள் தாக்கப்பட்டோர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. கேமராக்களுக்குத் தாராளமாகச் செலவிடும் அரசுகள், பதிவுகளை ஆராய்வதற்கும் சிறிது ஒதுக்கலாம்.

விலக்க விரும்புபவர் முன்பக்கமாக, கைகள் தெரியுமாறு, பேசிக்கொண்டே, இயன்றால் வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு நெருங்குவது நல்லது. இருவரும் பிரிந்து முகம் தெளிந்த பிறகும், இன்னும் சில நிமிடங்களுக்கு ஒருவர் கண்ணில் மற்றவர் படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.