குறுக்கெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் கதையைப் பிடிப்பது எப்படி?

சில குறுக்கெழுத்துப் புதிர்களில் குறிப்பிட்ட கட்டங்களுக்குள் வட்டம் போட்டிருப்பார்கள். அந்த எழுத்துகளைச் சேர்த்தால் ஒரு தேவதைக் கதையின் பெயர் வரும். எல்லாக் கட்டங்களும் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாதியிலேயே கதையை ஊகித்துவிட்டால், மீதியை அதுவே நிரப்பித் தரும்.

காரணம், எந்த எழுத்துக்குப் பின்னும் எந்த எழுத்தும் வந்துவிட மொழி விடுவதில்லை. செய்திகளை அளந்து அனுப்புவதை ஆராயும் தகவல் கோட்பாட்டை வகுத்த 1948ஆம் ஆண்டுக் கட்டுரையில் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் குறுக்கெழுத்தையும் தொட்டுப் பேசுகிறார். கட்டுப்பாடே இல்லாத மொழியில் எழுத்துகளை எப்படி அடுக்கினாலும் குறுக்கெழுத்து ஆகிவிடும். கட்டுப்பாடு மிஞ்சினால் பெரிய புதிர் அமைக்கவே முடியாது. தமிழில் எழுத்துகள் 247. ஆனால் தமிழ்ச் சொல்லின் நடுவே ‘ப்’ விழுந்தால் அடுத்தது ப வரிசையின் 12 உயிர்மெய்களில் ஒன்றுதான். தெரிந்த ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தை இவ்வளவு நெருக்கிவிடுகிறது.

முதலில் நீளமான விடைகளைப் பாருங்கள். கருப்பொருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பூசணிக்காய், நள்ளிரவு, சுண்டெலி என்று வந்தால் சிண்ட்ரெல்லாதான். ‘பல்லி’யைக் கண்டு குழம்ப வேண்டாம். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட கதையில் பூசணி வண்டியாகிறது, ஆறு எலிகள் குதிரைகளாகின்றன, ஆறு பல்லிகள் ஏவலர்களாகின்றன. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த 1812 வடிவில் பூசணி இல்லை; புறாக்களும் தங்கக் காலணியும் உண்டு. ஒரு வடிவை மட்டும் அறிந்தவர்கள் சரியான விடையையே சந்தேகித்து அழித்துவிடுவார்கள்.

அடுத்து எண்ணுங்கள். சி-ண்-ட்-ரெ-ல்-லா: மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம், ஆக ஆறு. வட்டங்களும் ஆறுதானா? ண், ட் என்று இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து நிற்பது இன்னொரு தடயம். தமிழ்ச் சொல்லில் அப்படி வந்தால் முதலாவது ய், ர், ழ் ஆகவே இருக்கும். இங்கே அப்படி இல்லாததால், தேடுவது பிறமொழிப் பெயர்.

அதிகம் பிசகுவது இரண்டாம் கட்டத்தில். சிலர் ‘சின்ட்ரெல்லா’ என்றும் எழுதுவார்கள். அந்தக் கட்டத்தை வெட்டும் சொல் ‘வண்டி’ என்றால் ண் உறுதி. நான்காம் கட்டத்து ‘ரெ’ அரிய எழுத்து; புதிர் அமைப்பவருக்கு ‘திடீரென’, ‘பளீரென’, ‘ரெயில்’ போன்ற சில சொற்களே கைகொடுக்கும். அந்தக் கட்டத்தை வெட்டும் சொல்லின் குறிப்பை உடனே படியுங்கள். வலமிருந்து இடமாகவோ கீழிருந்து மேலாகவோ எழுத வேண்டிய விடையைத் திசைமாற்றி எழுதியிருந்தால் வட்டத்தில் தவறான எழுத்து விழும். ஒரே ஓர் எழுத்து பொருந்தாதபோது கதையை மாற்றாதீர்கள். அதை வெட்டும் சொல்லின் திசையைச் சரிபாருங்கள்.