பாஸ்வேர்ட் மறந்த லெப்டொப்பை ‘போமட்’ செய்வதற்கு முன்

அட்டன், நுவரெலியா, பதுளை என்று எந்த டவுனுக்குக் கொண்டுபோனாலும், பாஸ்வேர்ட் மறந்த லெப்டொப்புக்குச் சட்டென்று கிடைக்கும் பதில் ‘போமட் அடிச்சிடலாம்’ என்பதுதான். திருத்துபவருக்கு அது லேசான வேலை. ஆனால் போமட் செய்தபின் வெறும் கணினிதான் கைக்கு வரும். பிள்ளையின் அசைன்மென்ட், சங்கத்துக் கணக்கு, கல்யாணப் படங்கள் எல்லாம் போய்விடும். பல நேரங்களில் அந்த அளவுக்குப் போகவே தேவையில்லை.

முதலில் கீபோர்டைச் சந்தேகப்படுங்கள். மலைநாட்டு ஈரத்தில் பல வருடம் கிடந்த லெப்டொப்பில் ஒன்றிரண்டு எழுத்துகள் விழாமல் போகும், அல்லது இரட்டையாக விழும். பாஸ்வேர்ட் பெட்டியில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் இது கண்ணில் படாது. பெட்டியின் வலப்பக்கம் இருக்கும் கண் அடையாளத்தை அழுத்தினால் தட்டியது என்னவென்று தெரியும். தமிழ் கீபோர்ட் சேர்த்திருப்பவர்கள் வலது கீழ் மூலையில் எந்த மொழி நிற்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் மாறும். எழுத்து விழாவிட்டால் ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள். ஊகித்து ஊகித்துத் தட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. புதிதாக விண்டோஸ் 11 போட்ட கணினிகளில் 10 முறை பிழைத்தால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

அடுத்து, மறந்தது எது? பின் நம்பர் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, பாஸ்வேர்ட் வேறு. பின் மறந்திருந்தால் ‘சைன்-இன் ஒப்ஷன்ஸ்’ என்பதில் சாவி அடையாளத்தைத் தொட்டு பாஸ்வேர்டால் நுழையலாம். சில புதிய லெப்டொப்களில் அந்தச் சாவி வராது. அங்கே ‘பின் மறந்துவிட்டேன்’ என்ற இணைப்பும் இன்டர்நெட்டும் வேண்டும்.

பாஸ்வேர்டே மறந்திருந்தால் கணக்கின் வகையைக் கண்டுபிடியுங்கள். வேண்டுமென்றே ஒருமுறை தவறாகத் தட்டுங்கள். வரும் செய்தியில் ‘மைக்ரோசொப்ட் அக்கவுண்ட்’ என்று இருந்தால் கணக்கு இணையத்தில் இருக்கிறது. ‘ரீசெட் பாஸ்வேர்ட்’ என்று வந்தால் அது அந்தக் கணினிக்குள் மட்டுமே உள்ள லோக்கல் கணக்கு. அமைக்கும்போது கொடுத்த 3 பாதுகாப்புக் கேள்விகளுக்கும் விடை சொன்னால் உடனே புதிய பாஸ்வேர்ட் வைக்கலாம். இந்த வசதி விண்டோஸ் 10இல் 2018ஆம் ஆண்டுதான் வந்தது. கேள்விகள் இல்லாவிட்டாலும், அதே கணினியில் வேறொருவருக்கு நிர்வாகிக் கணக்கு இருந்தால் (மற்றவர்களின் கணக்குகளையும் மாற்ற அனுமதி உள்ள கணக்கு) அவர் கண்ட்ரோல் பெனல் வழியாக மாற்றித் தரலாம். அப்படி மாற்றினால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள் தொலையக்கூடும். சாதாரணக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

மைக்ரோசொப்ட் கணக்கென்றால் லெப்டொப்பைத் தொடவே வேண்டாம். போனிலிருந்து கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றலாம். சிக்குவது சிம்மில்தான். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போனவர் நம்பரை மாற்றியிருப்பார், அல்லது ரீலோட் போடாமல் சிம் செத்திருக்கும். இரகசியக் குறியீடு அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகும். அப்போது மீட்பு விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். முன்பு பாவித்த பாஸ்வேர்ட்கள், அண்மையில் அனுப்பிய மின்னஞ்சல்களின் தலைப்புகள் என்று கேட்பார்கள். வழக்கமாகப் பாவிக்கும் இடத்திலிருந்தே, ஏற்கெனவே அந்தக் கணக்கில் நுழைந்த கருவியிலிருந்தே நிரப்பினால் வாய்ப்பு அதிகம். பதில் பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் வரும். இருபடிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் முறை) இயக்கியிருந்தால் இந்த விண்ணப்பம் உதவாது. பழைய விபரங்கள் எதுவுமே கையில் இல்லாமல் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு தடுமாற்றம்: போனில் மாற்றிய புதிய பாஸ்வேர்டை லெப்டொப் ஏற்காது. இன்டர்நெட் கிடைக்கும்வரை அதற்குப் பழையது மட்டுமே தெரியும். நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை அடையாளம் இருக்கிறது. சிக்னல் பிடிக்கும் இடத்தில் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு இணைத்தபின் தட்டுங்கள்.

இனி, உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம். புதிய லெப்டொப்களில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது சாவி இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் இது நடக்கும். திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது அந்தக் கணினியை முதலில் அமைத்தவரின் மைக்ரோசொப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். லெப்டொப் வாங்கிய கடையிலேயே ‘எல்லாம் போட்டுத் தருகிறோம்’ என்று தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் சாவியும் அவர்களிடம்தான். கொழும்பிலுள்ள தம்பி அமைத்துக் கொடுத்திருந்தால் அவரிடம் கேளுங்கள். திரையில் தெரியும் சாவி அடையாள எண்ணின் முதல் 8 எழுத்துகளை ஒப்பிட்டால் எந்தச் சாவி என்று தெரியும். சாவி இல்லாத டிஸ்க்கை எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. திறந்து தருவதாக முகநூலில் காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

உள்ளேயிருக்கும் சிறிய பட்டரியைக் கழற்றிப் போட்டால் சரியாகும் என்ற யோசனைக்கும் விண்டோஸ் பாஸ்வேர்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது பழைய டெஸ்க்டொப்களின் பயோஸ் (விண்டோஸுக்கு முன்பே கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டை மட்டும் அழிக்கும். மறையாக்கப்பட்ட லெப்டொப்பில் பயோஸ் அமைப்பு மாறினாலே 48 இலக்கத்தைக் கேட்கத் தொடங்கிவிடும். இல்லாத சிக்கலை விலைக்கு வாங்கியதுபோல ஆகும்.

மறையாக்கம் இல்லாத பழைய கணினியென்றால் வேலை எளிது. 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, ‘யூசர்ஸ்’ கோப்புறையை வெளி ஹார்ட்டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கலாம். டிஸ்க் வாசிக்க மட்டும் திறந்தாலும் பிரதி எடுக்க அது போதும். விண்டோஸையே புதிதாகப் போடும் ரீசெட் எல்லாம் இதற்குப் பிறகு. விண்டோஸை இணையத்திலிருந்து இறக்கி ரீசெட் செய்ய ஏறத்தாழ 4 ஜிபி டேட்டா போகும். இடி மின்னலும் கரண்ட் கட்டும் உள்ள பின்னேரத்தில், பட்டரி செத்த லெப்டொப்பில் அதைத் தொடங்காதீர்கள்.

பாடசாலை, தோட்ட அலுவலக லெப்டொப்களை அவற்றை நிர்வகிப்பவரிடமே கொடுங்கள். அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். பில்லையோ அடையாள அட்டையையோ கேட்கும் கடைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம், கேட்காதவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

கணினி திறந்ததும் அன்றைக்கே கணக்கில் வீட்டிலுள்ள இன்னொருவரின் நம்பரையும் இரண்டாவது மின்னஞ்சலையும் சேருங்கள். 48 இலக்கத்தைத் தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழ்கள் உள்ள கோவையில் வையுங்கள். லெப்டொப் பேக்கில் வைத்தால், பேக்கோடு களவு எடுத்தவருக்கு டிஸ்க்கைத் திறக்கும் வழியையும் சேர்த்தே கொடுத்தாகிவிடும்.