கூட்டத்தில் அவருக்கு என்ன வேலை?

"மீட்டிங்கில் எல்லோரும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், என்ன செய்யலாம்?" நிறுவனங்களில் கூட்டங்களை நெறிப்படுத்தும் வேலையில் இருக்கும் என்னிடம் மேலாளர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. லேப்டாப்புக்குத் தடை போடலாமா, போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லலாமா என்று தீர்வையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கூட்டத்தில் அவருக்கு என்ன வேலை?

பெரும்பாலும் "அவருக்கும் தெரிந்திருக்கட்டுமே என்று கூப்பிட்டோம்" என்பார்கள். அதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். வேலை எதுவும் இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவரின் மனம் தன் வேலையைத் தேடிப் போவது இயல்பு. அதை ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது அநியாயம்.

ஆட்களின் எண்ணிக்கையும் முக்கியம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மேக்ஸ் ரிங்கல்மன் 1913-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கயிற்றைச் சேர்ந்து இழுப்பவர்கள் அதிகமாக அதிகமாக ஒவ்வொருவரும் செலுத்தும் பலம் குறைந்தது. 1979-ல் அமெரிக்காவில் கைதட்டலையும் சத்தமிடுவதையும் வைத்து நடந்த சோதனைகளிலும் இதே போக்குதான். தன் பங்கு தனியாகத் தெரியாது என்ற நிலையில் மனிதர்கள் தங்களை அறியாமலே தளர்ந்துவிடுகிறார்கள். பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் "யாருக்காவது ஏதாவது கருத்து இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் மௌனம்தான் கிடைக்கும்.

அதனால் அழைப்பு அனுப்பும்போதே தொடங்குங்கள். "விற்பனை நிலவரம்" என்ற தலைப்பு யாரையும் யோசிக்க வைக்காது. "அடுத்த காலாண்டில் எந்தப் பொருளை நிறுத்துவது?" என்று கேள்வியாக எழுதுங்கள். யாரிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்றும் பெயர் போட்டுச் சொல்லிவிடுங்கள். அசந்திருப்பவரைத் திடீரெனப் பெயர் சொல்லிக் கேட்டு மடக்குவது வேறு விஷயம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த முறை அவர் பயத்தோடு வருவார், வாயைத் திறக்க மாட்டார்.

என் அனுபவத்தில் அதிகப் பலன் தருவது, பேசுவதற்கு முன் எழுத வைப்பது. கேள்வியைச் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் எல்லோரையும் அமைதியாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம் பேச்சு. ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதிலேயே மற்றவர்களின் யோசனைகள் தடைபடுகின்றன என்று 1987-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எழுதிவிட்டால் அந்தத் தடை குறைகிறது, கூச்சப்படுபவருக்கும் கையில் ஒன்று இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே குழுக்கள் அதிகம் பேசும், ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவல் வெளியே வராமலே போய்விடும் என்பதை ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் 1985-ல் காட்டினார்கள். அந்த ஒருவரின் தாளில் அது இருக்கும். ஒரு நிபந்தனை: மேலாளர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

நேரம் பற்றிச் சுருக்கமாக: நார்மன் மேக்வொர்த் 1948-ல் வெளியிட்ட கடிகாரச் சோதனையில், முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் வேலையில் கவனம் அவ்வளவுதான் தாங்கும். அரை மணிக்கு ஒருமுறை பேசுபவரையோ செய்யும் வேலையையோ மாற்றுங்கள்.

குறிப்பேட்டில் கிறுக்கிக்கொண்டிருப்பவரை முறைக்காதீர்கள். 2009-ல் ஜாக்கி ஆண்ட்ரேட் நடத்திய சோதனையில், சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிப் பதிவைக் கேட்டபடியே வடிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆன்லைன் கூட்டம் என்றால், திரையில் தெரியும் தன் முகத்தை மறைத்துக்கொள்ளும் வசதியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதும் களைப்பு தரும்.

கடைசி ஐந்து நிமிடத்தை யார், எதை, எப்போதைக்குள் என்று எழுத ஒதுக்குங்கள். அடுத்த கூட்டத்தை அந்தத் தாளிலிருந்தே தொடங்குங்கள். நடுவில் ஒருவரின் பங்கு முடிந்துவிட்டதா? "நன்றி, நீங்கள் கிளம்பலாம்" என்று தயங்காமல் அனுப்பிவையுங்கள்.